பருவத்தின் பாதியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தரவரிசை: வென்ற அணியை மட்டும் பார்க்காதீர்கள், தோற்ற அணியின் கணக்கையும் பாருங்கள்

ஐம்பது யார்டு | 20 அக்டோபர் 2024

எட்டாவது வாரம் முடிந்து, செய்தியாளர்கள் வாராவாரம் வாக்களிக்கும் ஏபி வாக்கெடுப்பின் புதிய பட்டியலும் இன்று வந்துவிட்டது. ஆரிகன் முதலிடம், அடுத்து ஜார்ஜியா, பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ். முதல் மூன்று இடங்களில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்குக் கீழே போகப் போகப் பட்டியல் களத்தில் நடந்ததை விட்டுவிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் எந்த அணியை எங்கே வைத்தோம் என்ற பழைய நினைவிலேயே நகர்கிறது. பிரிகம் யங் பதினொன்றாம் இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் இதைப் பற்றி விரிவாகவே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பருவம் தொடங்கும் முன் போடப்படும் பட்டியல் வெறும் ஊகம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஆண்டு அந்தப் பட்டியலில் பத்தாம் இடத்தில் இருந்த ஃபுளோரிடா ஸ்டேட் இன்று ஒரு வெற்றி, ஆறு தோல்விகளோடு நிற்கிறது. பிக் 12 கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் மோதும் அணிகளின் தொகுதி) பதினாறு அணிகளில் பிரிகம் யங் பதின்மூன்றாவதாக முடிக்கும் என்றும், பிக் டென்னின் பதினெட்டு அணிகளில் இண்டியானா பதினேழாவதாக முடிக்கும் என்றும் செய்தியாளர்கள் கணித்தார்கள். இரண்டுமே இன்று ஏழுக்கு ஏழு. ஊகம் பொய்த்துப் போவதில் தவறில்லை. ஆனால் உயரத்தில் தொடங்கிய அணி தோற்றால் நான்கு படி இறங்குகிறது. அடியில் தொடங்கிய அணி ஒவ்வொரு வாரமும் வென்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருக்கிறது. அக்டோபர் பாதியிலும் இந்த இடைவெளி மூடப்படாவிட்டால் அந்தத் தரவரிசை ஊகத்தின் தொடர்ச்சியாகவே இருக்கும்.

ஆகவே நான் ஒரு கேள்வியை முதலில் வைக்கிறேன். நீ வென்ற அணி உன்னிடம் மட்டும்தான் தோற்றிருக்கிறதா, அல்லது ஊரில் எல்லோரிடமும் தோற்றதா? மற்ற எல்லோரையும் வென்ற ஓர் அணி உன்னிடம் மட்டும் விழுந்திருக்கிறது என்றால், அந்த வெற்றிக்கு ஈடாக எதையும் நான் வைக்க மாட்டேன்.

இந்த அளவுகோலில் ஆரிகன் தெளிவாக முன்னே நிற்கிறது. ஒஹாயோ ஸ்டேட்டின் ஒரே தோல்வி ஆரிகனிடம், 32-31. போய்சி ஸ்டேட்டின் ஒரே தோல்வியும் ஆரிகனிடம்தான், 37-34. ஜார்ஜியாவுக்கும் அப்படி இரண்டு வெற்றிகள் உண்டு: டெக்சஸ், கிளெம்சன் இரண்டும் ஜார்ஜியாவைத் தவிர வேறு யாரிடமும் தோற்கவில்லை. மூன்றாவதாக இதே பெருமை உள்ள அணி பிரிகம் யங். எஸ்எம்யூவை (சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம்) டாலஸுக்கே போய் 18-15 என்று வென்றது. கான்சஸ் ஸ்டேட்டைச் சொந்த ஊரான புரோவோவில் 38-9 என்று நசுக்கியது. அந்த இரண்டு அணிகளும் அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. இப்படி இரண்டு வெற்றிகளை வைத்திருக்கும் மூன்று அணிகளில் ஒன்று முதலிடத்திலும், ஒன்று இரண்டாம் இடத்திலும் இருக்க, மூன்றாவது மட்டும் ஏன் பதினொன்றில் இருக்கிறது? சட்டையில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

பென் ஸ்டேட்டை மூன்றாம் இடத்தில் வைப்பதற்கு நான் சொல்லும் காரணம் பலர் சொல்லும் காரணம் அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் யுஎஸ்சியைக் (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கூடுதல் நேரத்தில் 33-30 என்று வென்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பென் ஸ்டேட்டின் டைலர் வாரன் அன்று 17 பந்துகளைப் பிடித்து 224 யார்டு எடுத்ததை நானும் எளிதில் மறக்க மாட்டேன்; ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் அவரே சென்டராக நின்று பந்தைப் பின்னுக்குக் கொடுத்துவிட்டு ஓடி, டச் டவுனையும் (எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) பிடித்தார். ஆனால் அந்த யுஎஸ்சி நேற்று மேரிலாந்திடம் 29-28 என்று தோற்றுவிட்டது. இப்போது பென் ஸ்டேட்டின் கையில் உள்ள சிறந்த வெற்றி செப்டம்பரில் இல்லினாயை 21-7 என்று வென்றதுதான். அந்த இல்லினாய் நேற்று நடப்புச் சாம்பியன் மிச்சிகனை அதே 21-7 கணக்கில் வீழ்த்தி 6-1 என்று உயர்ந்து நிற்கிறது. ஒரு வெற்றியின் மதிப்பு அது நடந்த அன்றே உறைந்துவிடுவதில்லை. தோற்ற அணி பின்னால் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து வாராவாரம் கூடும், குறையும்.

டெக்சஸுக்கு அது குறைந்திருக்கிறது. மிச்சிகனை அதன் ஊரான ஆன் ஆர்பரில் 31-12 என்றும், ஓக்லஹோமாவை 34-3 என்றும் வென்றபோது இரண்டும் பெரிய வெற்றிகளாகத் தெரிந்தன. இன்று மிச்சிகன் 4-3. ஓக்லஹோமாவோ நேற்று சொந்தக் களத்தில் சவுத் கரோலினாவிடம் 35-9 என்று சரிந்தது.

என் வரிசை இதுதான்: ஆரிகன், ஜார்ஜியா, பென் ஸ்டேட், பிரிகம் யங், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ். அதன்பின் மயாமி, டென்னசி, இண்டியானா, போய்சி ஸ்டேட், கிளெம்சன், அயோவா ஸ்டேட். நாட்டர்டேமைப் பன்னிரண்டுக்கு வெளியே வைத்ததற்கு விளக்கம் தேவைப்படும் என்று அறிவேன். கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

கொலம்பஸ்வாசி | 20 அக்டோபர் 2024

ஐம்பது யார்டு அவர்களுக்கு வணக்கம். நான் ஒஹாயோ ஸ்டேட் ரசிகன். உங்கள் அளவுகோலை மதிக்கிறேன், ஆனால் அது தந்த முடிவை ஏற்க முடியவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டையும் பிரிகம் யங்கையும் நாளை ஒரு பொதுக் களத்தில் மோதவிட்டால் யார் வெல்வார்கள் என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். பிரிகம் யங் இந்த வெள்ளிக்கிழமை சொந்த ஊரில், மூன்று தோல்விகளோடு வந்த ஓக்லஹோமா ஸ்டேட்டை வெல்லக் கடைசிப் பத்து வினாடி வரை போராட வேண்டியிருந்தது. ஒஹாயோ ஸ்டேட்டோ அயோவாவை 35-7, மிச்சிகன் ஸ்டேட்டை 38-7 என்று நிதானமாக வென்றிருக்கிறது.

ஆரிகனின் ஊரான யூஜீனில் நடந்ததையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியப் பத்து வினாடி இருந்தது. பந்து ஆரிகனின் 43 யார்டு கோட்டருகில் எங்களிடம் இருந்தது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் தூரத்துக்கு வர ஒரே ஒரு நல்ல பாஸ் போதும். அப்போது ஆரிகன் பதினொரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேரைக் களத்தில் நிறுத்தியது. கூடுதலாக ஒரு தடுப்பாளர் நின்றதால் பாஸ் பிடிபடவில்லை. அபராதம் ஐந்து யார்டு, ஆனால் கடிகாரத்தில் நான்கு வினாடி போனது போனதுதான். அடுத்த முயற்சியில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) வில் ஹோவர்ட் ஓடிச் சறுக்கி அமர்ந்தபோது நேரம் தீர்ந்திருந்தது. நான்கே நாளில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அந்த விதிக்குப் புதிய விளக்கம் தந்து, இனி அப்படி நடந்தால் தாக்கும் அணி கடிகாரத்தைத் திருப்பி வைக்கக் கேட்கலாம் என்று அறிவித்தது. விதியின் ஓட்டையைத் திருத்தும் அளவுக்கு நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரியின் களத்தில், ஒரு புள்ளியில் தோற்ற அணி ஐந்தாம் இடத்துக்குத்தான் தகுதியானதா?

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2014-இல், சாம்பியன் யார் என்று முடிவாகும் பிளேஆஃப் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃப் குழு தன் முதல் பட்டியலை அக்டோபர் 28 அன்று வெளியிட்டபோது மிசிசிப்பி ஸ்டேட் முதலிடத்திலும் ஒஹாயோ ஸ்டேட் பதினாறாம் இடத்திலும் இருந்தன. கோப்பை யாருக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பீச்ட்ரீ | 20 அக்டோபர் 2024

நான் அட்லாண்டாவில் இருப்பவள், ஜார்ஜியா ரசிகை; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது யார்டு அவர்களின் கேள்வி சரி, பதில்தான் இன்னும் ஓர் அடி முன்னே போக வேண்டும். இரண்டு அணிகளிடமும் அத்தகைய வெற்றிகள் இரண்டிரண்டு இருக்கும்போது, எந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டாமா? ஆரிகன் தன் இரண்டையும் சொந்தக் களத்தில், மொத்தம் நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஜார்ஜியா கிளெம்சனைப் பொதுக் களத்தில் 34-3 என்றும், முதலிடத்தில் இருந்த டெக்சஸை ஆஸ்டினுக்கே போய் 30-15 என்றும் வென்றது.

நேற்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்றாம் கால்பகுதி நினைவிருக்கும். 23-8 என்று முன்னிலையில் இருந்தோம். எங்கள் குவார்ட்டர்பேக் கார்சன் பெக்கின் பாஸை டெக்சஸின் ஜாடே பாரன் பறித்துக்கொண்டு எங்கள் கோல் கோட்டுக்கு அருகே வரை ஓடினார். நடுவர்கள் அவர் மீது தவறு காட்டிக் கொடி வீசினார்கள். ரசிகர்கள் களத்துக்குள் பாட்டில்களை எறிந்தார்கள், ஆட்டம் நின்றது, அந்த இடைவெளிக்குப் பிறகு நடுவர்கள் கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். டெக்சஸ் உடனே டச் டவுன் அடித்து 23-15 ஆக்கியது. வேறோர் அணியாக இருந்தால் அங்கேயே கலங்கியிருக்கும். ஜார்ஜியா களத்தின் மறுகோடி வரை பொறுமையாகப் பந்தை நகர்த்திச் சென்று, டிரெவர் எட்டியென் மூலம் டச் டவுன் அடித்து ஆட்டத்தை முடித்தது. எங்கள் ஜேலன் வாக்கர் மட்டும் டெக்சஸ் குவார்ட்டர்பேக்கைப் பந்தை வீசும் முன்பே மூன்று முறை வீழ்த்தி சாக் செய்தார். இந்தப் பருவத்தில் வேறு எந்த அணியும் இவ்வளவு கடினமான இடத்தில் இவ்வளவு உறுதியான வெற்றியைப் பெறவில்லை.

டஸ்கலூசாவில் அலபாமாவிடம் தோற்றோம், உண்மை. 28-0 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் 34-33 என்று முன்னேறி, பதினேழு வயது ரையன் வில்லியம்ஸின் 75 யார்டு டச் டவுனால் தோற்றோம். அந்தத் தோல்விக்காக நான் தலைகுனிய மாட்டேன்.

நீலப்புல் | 21 அக்டோபர் 2024

ஐம்பது யார்டு அண்ணா, போய்சி ஸ்டேட்டைப் பத்தாம் இடத்தில் வைத்ததற்கு நன்றி. ஏபி பட்டியலில் பதினேழில் கிடக்கிறோம். யூஜீனில் எங்கள் ஆஷ்டன் ஜென்டி 192 யார்டு ஓடி மூன்று டச் டவுன் அடித்தார். ஆரிகன் எங்கள் உதையை வாங்கித் திரும்ப ஓடிய ஒரு பண்ட் ரிட்டர்ன், ஒரு கிக்ஆஃப் ரிட்டர்ன் இரண்டையும் டச் டவுனாக மாற்றிய பிறகும், ஆட்டத்தின் கடைசி உதையில்தான் எங்களை வெல்ல முடிந்தது. கொலம்பஸ்வாசி அண்ணா தன் அணியின் ஒரு புள்ளித் தோல்விக்குக் கேட்கும் நியாயம் எங்கள் மூன்று புள்ளித் தோல்விக்கும் உண்டு அல்லவா? வாஷிங்டன் ஸ்டேட்டின் ஒரே தோல்வியும் எங்களிடம்தான், 45-24. ஒஹாயோ ஸ்டேட்டிடம் அப்படி ஒரு வெற்றிகூட இல்லை.

இந்த ஆண்டு இது வெறும் பெருமைப் பிரச்சினையும் அல்ல. 2024 பருவத்தின் விதிப்படி, பன்னிரண்டு அணி பிளேஆஃபில் தரவரிசையில் உயர்ந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. அவர்களில் முதல் நால்வருக்கு முதல் சுற்றில் ஓய்வு. பிக் 12 சாம்பியனைவிட நாங்கள் ஒரு படி மேலே முடித்தாலே அந்த ஓய்வு எங்களுக்கு வந்துவிடும். அதனால் பத்தா பதினேழா என்பது டிசம்பரில் வீட்டில் இருப்பதா, விளையாடுவதா என்ற அளவுக்குப் போகும். நாட்டர்டேம் பற்றிய உங்கள் விளக்கத்தையும் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

ஐம்பது யார்டு | 21 அக்டோபர் 2024

மூவருக்கும் நன்றி.

கொலம்பஸ்வாசி அவர்களே, நாளை மோதினால் யார் வெல்வார்கள் என்ற கேள்வி பந்தயக்காரர்களின் கேள்வி. அதற்கு ஒஹாயோ ஸ்டேட் என்றுதான் நானும் பதில் சொல்வேன். ஆனால் தரவரிசை என்பது இதுவரை செய்ததற்கான அங்கீகாரம். யாரிடம் எத்தனை திறமையான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்து வரிசை போடுவதாக இருந்தால் ஆகஸ்ட் பட்டியலையே டிசம்பர் வரை வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமைகளில் விளையாட வேண்டிய அவசியமே இல்லை. ஒஹாயோ ஸ்டேட் வென்ற ஐந்து அணிகளில் எது வலுவானது? அயோவாவைச் சொல்கிறீர்கள், அந்த அயோவா நேற்று முன்தினம் மிச்சிகன் ஸ்டேட்டிடமே 32-20 என்று தோற்றது. யூஜீனில் ஒரு புள்ளியில் தோற்றதற்காகத்தான் உங்கள் அணியை ஐந்தில் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அது பத்துக்குக் கீழே போயிருக்கும். பன்னிரண்டாவது ஆள் விவகாரத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனாலும் அதற்குச் சில வினாடி முன்பு உங்கள் ஜெரமையா ஸ்மித் தடுப்பாளரைத் தள்ளியதற்காக விழுந்த 15 யார்டு அபராதம்தான் உங்களை உதைக்கும் தூரத்திலிருந்து வெளியே தள்ளியது. அந்த அபராதத்தில் விதியின் ஓட்டை எதுவும் இல்லை.

2014-ஐ நீங்கள் எடுத்தது என் கருத்துக்கே பலம் சேர்க்கிறது. அந்த அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் சொந்தக் களத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்ற அணி. பெரிய வெற்றி எதுவும் கையில் இல்லை. பதினாறாம் இடம் அன்றைக்குச் சரியான இடமே. பிறகு மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரில் 49-37, கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று வென்று, தன் இடத்தைத் தானே சம்பாதித்துக்கொண்டது. குழு அதை முன்கூட்டியே ஊகித்து அக்டோபரிலேயே நான்காம் இடத்தைக் கொடுத்திருந்தால் அந்த வெற்றிகளுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

பிரிகம் யங் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் திணறியதை மறைக்க மாட்டேன். அந்த ஆட்டத்தை முழுதும் பார்த்தேன். கடைசிப் பாஸை வாங்கிய டேரியஸ் லாசிட்டர் வழியில் தடுப்பாளர்களிடமிருந்து நழுவி ஓடாமல் இருந்திருந்தால் இன்று இந்த வாதமே இருந்திருக்காது. ஆனால் இந்தப் பருவத்தில் திணறாத பெரிய அணி எது? பென் ஸ்டேட் பௌலிங் கிரீனை 34-27 என்று வென்றது. மயாமி கலிஃபோர்னியாவிடம் 35-10 என்று பின்தங்கி 39-38 என்று தப்பியது. பிரிகம் யங் மட்டும் ஒவ்வொரு வாரமும் அழகாக வெல்ல வேண்டும் என்று கேட்பது முறையல்ல.

பீச்ட்ரீ சகோதரி, ஆஸ்டின் வெற்றியே இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வெற்றி என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஜார்ஜியா இரண்டாம் இடத்தில் நிற்பதற்குக் காரணம் கென்டக்கியை 13-12 என்று அரைகுறையாக வென்றதும், அலபாமா தோல்வி வாரத்துக்கு வாரம் கனமாகிக்கொண்டே போவதும்தான். அந்த அலபாமா அடுத்த வாரமே நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றது, நேற்று முன்தினம் டென்னசியிடம் 24-17 என்று மறுபடியும் தோற்றது. அந்த வாண்டர்பில்ட்டை வென்றது யார் தெரியுமா? உங்கள் ஊர் ஜார்ஜியா ஸ்டேட், 36-32. ஜார்ஜியா ஸ்டேட் வாண்டர்பில்ட்டை வென்றது, வாண்டர்பில்ட் அலபாமாவை, அலபாமா ஜார்ஜியாவை, ஜார்ஜியா டெக்சஸை. இதைக் கோத்துக்கொண்டே போனால் ஜார்ஜியா ஸ்டேட்டுக்கு முதலிடம் தர வேண்டியிருக்கும். அதனால்தான் தனித்தனி முடிவுகளைச் சங்கிலியாக இணைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஆரிகன் தோற்கவில்லை, நீங்கள் ஒருமுறை தோற்றிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் வெற்றிகள் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது அந்த ஒன்று போதுமானது.

தம்பி நீலப்புல், நாட்டர்டேம் விஷயம் இது. டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் 23-13 என்று வென்றார்கள். ஏ அண்ட் எம்முக்கு அது ஒன்றே தோல்வி. என் அளவுகோலின்படி அது மிகப் பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையே சவுத் பெண்டில், சொந்த ரசிகர்கள் முன்னால், நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றார்கள். அந்த நார்தர்ன் இல்லினாய் தன் அடுத்த ஆட்டத்திலேயே பஃபலோவிடம் தோற்றது. பன்னிரண்டு இடங்களில் ஒன்றைக் கேட்கும் அணிகளில் இதைவிட மோசமான தோல்வி வேறு எதற்கும் இல்லை. பதின்மூன்றாம் இடம் தருகிறேன்.

கொலம்பஸ்வாசி | 22 அக்டோபர் 2024

செய்ததற்கு அங்கீகாரம் என்பதே அளவுகோல் என்றால், இண்டியானாவுக்கு ஒன்பதாம் இடம் எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். ஏழு பேரை வென்றிருக்கிறார்கள், அந்த ஏழு பேரில் தரவரிசையில் இருக்கும் அணி ஒன்றுகூட இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு அவர்களிடம் என்ன பதில் இருக்கிறது?

ஐம்பது யார்டு | 22 அக்டோபர் 2024

நேர்மையான கேள்வி. இண்டியானாவிடம் அத்தகைய வெற்றி இல்லை. அதனால்தான் ஏழுக்கு ஏழு வென்றும் ஒரு தோல்வி கண்ட டெக்சஸுக்கும் டென்னசிக்கும் கீழே நிற்கிறது. ஆனால் யாரை வென்றாய் என்பதற்கு அடுத்தபடியாக எப்படி வென்றாய் என்பதையும் நான் பார்க்கிறேன். நெப்ராஸ்காவை இல்லினாய் கூடுதல் நேரத்தில்தான் வென்றது. ஐந்து வெற்றி, ஒரு தோல்வியோடு வந்த அதே அணியை இண்டியானா 56-7 என்று வென்றது. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் பருவம் இது. சென்ற ஆண்டு இதே அணி மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. இந்த ஏழு ஆட்டங்களில் இண்டியானா ஒரு நிமிடம்கூடப் பின்தங்கியதில்லை. எதிரணி எளியது என்று சொல்லலாம், ஆனால் எளிய அணிகளிடமும் ஒருமுறைகூடப் பின்தங்காத அணிகள் மிக அரிது. அவர்களின் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் நெப்ராஸ்கா ஆட்டத்தில் கட்டைவிரலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இல்லாமல் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு ஒன்பதாம் இடத்தை மறுபரிசீலனை செய்கிறேன்.

உங்கள் அணி விஷயத்தில் என் மனம் மூடியிருக்கவில்லை. நவம்பர் 2 அன்று ஒஹாயோ ஸ்டேட் பென் ஸ்டேட்டுக்குப் போகிறது. பிளேஆஃப் குழுவின் முதல் பட்டியல் 5-ஆம் தேதி வருகிறது. அதற்குள் பென் ஸ்டேட் விஸ்கான்சினைத் தாண்டிவிட்டால், தோல்வியே காணாத ஓர் அணியை அதன் களத்திலேயே சந்திக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். அங்கே வென்றால் ஒரு புள்ளியில் வென்றாலும் போதும், ஒஹாயோ ஸ்டேட்டை மூன்றாம் இடத்துக்கு, பிரிகம் யங்குக்கு மேலே கொண்டுபோவேன்; பென் ஸ்டேட் ஐந்தாம் இடத்துக்கு இறங்கும். தோற்றால் டெக்சஸும் டென்னசியும் உங்களைத் தாண்டிப் போகும், போய்சி ஸ்டேட்டையும் அப்போது உங்களுக்கு மேலே வைப்பேன்.